கடைத்தெருவும் கூட்டு வரியும்



சிங்கப்பூரிலோ பினாங்கிலோ பழைய கடைத்தெரு ஒன்றில் நடந்து செல்லும்போது உங்கள் காலடியைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். கடைவீடுகளின் முன்புறத்தில் ஒரு நடைபாதை நீண்டு செல்லும். நம்மவர் பேச்சில் 'அஞ்சடி' என்று வழங்கும் ஐந்தடிப் பாதைதான் அது. வெயிலுக்கும் மழைக்கும் அதுவே நமக்குக் குடை. அந்தப் பாதை யாருக்குச் சொந்தம்? நிலம் கட்டட உரிமையாளருடையது. மேலே உள்ள கூரையும் அவர் போட்டதே. ஆனால் நடப்பவர்களோ ஊரார். 1822ஆம் ஆண்டில் சிங்கப்பூர் நகருக்குத் திட்டம் வகுத்த ராபிள்ஸ், வீட்டுக்கு வீடு இத்தகைய பாதை இருக்க வேண்டும், அது எப்போதும் பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்று விதித்தார். 1888ஆம் ஆண்டில் அந்தப் பாதையை அடைத்து நின்ற சரக்குகளை அகற்ற நகராட்சி முனைந்தபோது, கடைகள் மூடப்பட்டன. கல்லெறியும் கலகமும் மூண்டன. கடைவாசல் என்பது தனியார் சொத்தும் பொது வழியும் சந்திக்கும் இடம். அங்கே யார் செலவு செய்வது, யார் முடிவு செய்வது என்பது பழைய வழக்கு.

அந்த வழக்குக்கு உலக நகரங்கள் கண்டுபிடித்த ஒரு தீர்வைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம். ஒரு கடைத்தெருவிலோ நகரின் நடுப்பகுதியிலோ சொத்து வைத்திருப்பவர்கள், அரசாங்கத்துக்குக் கட்டும் வழக்கமான வரிக்கு மேலாக, தங்களுக்குத் தாங்களே ஒரு கூட்டு வரி விதித்துக்கொள்கிறார்கள். அந்தப் பணம் அந்த வட்டாரத்துக்கே திரும்பி வருகிறது. தெருக் கூட்டுவது, விளக்குப் போடுவது, மரம் நடுவது, காவலாட்களை நிறுத்துவது முதலிய வேலைகள் அதைக்கொண்டு நடக்கின்றன. பல இடங்களில் இந்த ஏற்பாட்டுக்குக் காலக்கெடு உண்டு. கெடு முடிந்ததும் மறுபடியும் உரிமையாளர்களின் சம்மதத்தைப் பெற்றுப் புதுப்பிக்க வேண்டும். இதனை 'வணிக மேம்பாட்டு வட்டாரம்' என்று அழைப்போம்.

தன் மீது தானே வரி போட்டுக்கொள்வார் யாரேனும் உண்டோ என்று நீங்கள் கேட்கலாம். இந்த வரலாறே அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது.

ஒரு தெருவில் முப்பது கடைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தெருவில் குப்பை சேர்கிறது. விளக்கு மங்கலாக எரிகிறது. வாடிக்கையாளர் வரவு குறைகிறது. வணிகர்கள் கூடிச் சங்கம் அமைக்கிறார்கள். ஆளுக்கு இத்தனை வெள்ளி என்று சந்தா வைக்கிறார்கள். முதல் ஆண்டில் இருபத்தைந்து பேர் கொடுக்கிறார்கள். அடுத்த ஆண்டில் பதினைந்து பேர். மூன்றாம் ஆண்டில் பத்துப் பேர் கூடத் தேறுவதில்லை. ஏன்? சந்தா கொடுக்காத கடையின் வாசலிலும் அதே விளக்குத்தான் எரிகிறது. சுத்தமான தெருவைப் பார்த்து வருகிற வாடிக்கையாளர் அவர் கடைக்குள்ளும் நுழைகிறார். கொடுத்தவனுக்கும் கொடுக்காதவனுக்கும் பலன் ஒன்றே என்றால், கொடுத்தவன் மனம் சலித்துப் போவது இயல்புதானே! ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பது நம் பழமொழி. வடத்தைப் பற்றிக்கொண்டு, இழுக்காமலே கூட நடந்து வருபவர்கள் பெருகினால் தேர் நிலைக்கு வந்து சேருமா?

இந்தச் சங்கடத்தை அனுபவித்து, அதற்குச் சட்டத்தின் மூலம் வழி கண்ட முதல் கடைத்தெரு கனடா நாட்டின் டொராண்டோ நகரில் இருக்கிறது. புளூர் தெருவின் மேற்குப் பகுதியில் உள்ள அதற்குப் 'புளூர் மேற்குக் கிராமம்' என்று பெயர். பெயர்தான் கிராமம்; உண்மையில் அது பெருநகரின் உள்ளே இருக்கும் ஒரு வணிக வீதி. உக்ரேனியரும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து குடியேறிய பிறரும் நடத்திய சிறு கடைகள் அங்கே நிறைய இருந்தன. 1960ஆம் ஆண்டுகளில் அந்த வீதிக்கு இரண்டு பக்கங்களிலிருந்தும் இடி விழுந்தது.

முதல் இடி பேரங்காடி. 1964ஆம் ஆண்டில் டொராண்டோவில் யார்க்டேல் பேரங்காடி திறக்கப்பட்டது. குளிர்காலத்தில் பனி கொட்டும் ஊரில், ஒரே கூரையின்கீழ் கதகதப்பாக நடந்து எல்லாப் பொருள்களையும் வாங்கலாம். காரை நிறுத்தவும் பரந்த இடம் உண்டு என்றால் மக்கள் எங்கே போவார்கள்?

இரண்டாவது இடி நிலத்தடி ரயில். அதுவரை புளூர் தெருவில் டிராம் வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. டிராமில் போகிறவர் சன்னல் வழியே கடைகளைப் பார்ப்பார். ஏதாவது நினைவுக்கு வந்தால் இறங்கி வாங்குவார். 1966ஆம் ஆண்டில் புளூர்த் தெருவையொட்டி நிலத்தடி ரயில் பாதை திறக்கப்பட்டது. 1968ஆம் ஆண்டு மே மாதத்தில் அது மேற்கே நீட்டப்பட்டு, இந்தக் கடைவீதியின் அடியிலும் ஓடத் தொடங்கியது. தெருவிலிருந்த டிராம் வண்டிகள் மறைந்தன. நேற்றுவரை கடைக் கண்ணாடிக்கு முன்னே சென்ற ஆயிரக்கணக்கான மக்கள், இன்று கடைக்குக் கீழே, ஒன்றையும் பார்க்காமல், நகரின் நடுப்பகுதிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்! நகரத்துக்கு நன்மை செய்த ரயில், அந்தக் கடைக்காரர்களின் பிழைப்பில் மண்ணைப் போட்டது.

வணிகர் சங்கம் கூடியது. தெருவை அழகு செய்து மக்களை மேலே வரவழைக்க வேண்டும் என்று முடிவாயிற்று. ஆனால் சந்தா முறை நாம் முன்னே கண்டபடி சரிப்பட்டு வரவில்லை. ஆகவே அவர்கள் அரசாங்கத்திடம் விசித்திரமான ஒரு கோரிக்கையை வைத்தார்கள். "எங்கள் எல்லார் மீதும் ஒரு வரி போடுங்கள். அதை நகர மன்றமே வசூலித்து எங்களிடம் தரட்டும். செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்பதே அந்தக் கோரிக்கையின் சாரம். வரியைக் குறையுங்கள் என்று மனுக் கொடுத்த வணிகர்களை உலகம் கண்டிருக்கிறது. வரி போடுங்கள் என்று மனுக் கொடுத்தவர்கள் இவர்கள்!

ஒண்டாரியோ மாநில அரசாங்கம் 1969ஆம் ஆண்டில் தன் நகராட்சிச் சட்டத்தைத் திருத்தியது. 1970ஆம் ஆண்டில் டொராண்டோ நகர மன்றம் துணைச் சட்டம் இயற்றிப் புளூர் மேற்குக் கிராமத்தை முதல் வணிக மேம்பாட்டு வட்டாரமாக அறிவித்தது. வணிகர்களைக் கொண்ட ஒரு நிர்வாகக் குழு அமைந்தது. அவர்கள் தெருவில் பூந்தொட்டி வைத்தார்கள், இருக்கைகள் போட்டார்கள், மரங்களில் விளக்குச் சரங்களைக் கட்டினார்கள், விழா நடத்தினார்கள். செய்தவை யாவும் சிறு காரியங்கள்தாம். ஆனால் முப்பது பேரில் பத்துப் பேர் செய்தவை அல்ல. எல்லாரும் கொடுத்துச் செய்தவை. அங்கேதான் வேறுபாடு இருந்தது. வீதி பிழைத்துக்கொண்டது. இன்று டொராண்டோ நகரில் மட்டும் எண்பதுக்கும் மேற்பட்ட இத்தகைய வட்டாரங்கள் இருக்கின்றன.

டொராண்டோவில் பிறந்த இந்த எண்ணம் விரைவில் எல்லை கடந்தது. 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லூசியானா மாநிலச் சட்டமன்றம், நியூ ஆர்லியன்ஸ் நகரின் நடுப்பகுதிக்கென ஒரு தனி மேம்பாட்டு வட்டாரத்தை ஏற்படுத்தியது. அதன் பணி 1975ஆம் ஆண்டில் தொடங்கியது. நகர நடுப்பகுதிச் சொத்துகளின் மீது தனி வரி விதித்து நடந்த இத்தகைய ஏற்பாடு அமெரிக்காவில் அதுவே முதலாவது. நியூயார்க்கின் முதல் வட்டாரம் 14ஆம் தெருவையும் யூனியன் சதுக்கத்தையும் சேர்த்து 1984ஆம் ஆண்டில் அமைந்தது.

நேயர்களே, இனி நம் கதையின் நடுப்பகுதிக்கு வருவோம். ஒரு வட்டாரத்தைத் தொடங்குவது ஒரு காரியம். கெடு முடியும்போது அதைப் புதுப்பிப்பது மற்றொரு காரியம். தொடங்கும்போது நம்பிக்கை பேசும். புதுப்பிக்கும்போது கணக்குப் பேச வேண்டும். இதற்கு நல்ல எடுத்துக்காட்டு அமெரிக்காவின் பிலடெல்பியா நகரம்.

பிலடெல்பியா அமெரிக்காவின் சுதந்திரப் பிரகடனம் பிறந்த நகரம். அதன் நடுப்பகுதியில் மார்க்கெட் தெரு என்றொரு பெரிய வணிக வீதி உண்டு. அங்கே பல தலைமுறைகளாக நடந்துவந்த பெரிய அங்காடிகள் ஒவ்வொன்றாகக் கதவடைத்தன. லிட் பிரதர்ஸ் என்ற அங்காடி 1977ஆம் ஆண்டில் மூடப்பட்டது. அடுத்த பத்தாண்டுக்குள் கிம்பெல்ஸ் என்ற அங்காடியும் மறைந்தது. மக்கள் புறநகர்ப் பேரங்காடிகளை நாடிப் போனார்கள். இன்னொரு பக்கம், 1987ஆம் ஆண்டில் வானளாவிய அலுவலகக் கோபுரம் ஒன்று நகர மண்டபத்தின் உச்சியிலுள்ள சிலையையும் தாண்டி எழுந்து நின்றது. மேலே பளபளக்கும் கண்ணாடிக் கோபுரம். கீழே குப்பை மண்டிய நடைபாதை. மாலை ஐந்து மணி அடித்தால் அலுவலர்கள் வீட்டுக்கு ஓடுவார்கள், தெரு வெறிச்சோடிவிடும்.

நகர அரசாங்கமாவது கவனித்திருக்கலாமே என்றால், அதற்குக் கையில் காசில்லை. 1990, 1991ஆம் ஆண்டுகளில் பிலடெல்பியா நகராட்சி ஏறத்தாழத் திவாலாகும் நிலையில் இருந்தது. அந்த நெருக்கடியில்தான் 1990ஆம் ஆண்டில் நகர மன்றத்தின் ஒப்புதலோடு 'நகர மைய வட்டாரம்' என்ற அமைப்பு உருவாயிற்று. 1991ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அது வேலையைத் தொடங்கியது. முதல் ஆண்டு வரவு செலவுத் திட்டம் 65 லட்சம் அமெரிக்க வெள்ளி. சொத்தின் வரி மதிப்பு எவ்வளவோ அந்த விகிதத்தில் ஒவ்வோர் உரிமையாளரும் செலுத்தினார்கள். பால் லெவி என்பவர் அதன் நிர்வாகத் தலைவராகப் பொறுப்பேற்றார். 2023ஆம் ஆண்டு முடியும்வரை அப்பொறுப்பில் இருந்தார்.

அவர்கள் முதலில் கையில் எடுத்தது துடைப்பம்! சீருடை அணிந்த பணியாளர்கள் நடைபாதைகளை நாள்தோறும் கூட்டினார்கள். சுவர்க் கிறுக்கல்களை அழித்தார்கள். ஆயுதம் ஏந்தாத வழிகாட்டிகள் தெருவில் நடமாடினார்கள். வழி கேட்டவர்களுக்கு வழி சொன்னார்கள். சந்தேகப்படும்படி ஏதும் கண்டால் காவல் துறைக்குத் தெரிவித்தார்கள். மேம்பாட்டு அலுவலகமும் காவல் துறையின் கிளை நிலையமும் ஒரே இடத்தில் இயங்கின. பெரிய கட்டடம் கட்டுவதற்கு முன் தெருவைக் கூட்டு என்பதே அவர்களுடைய பாடம்.

ஆனால் அமைப்புக்குக் கொடுக்கப்பட்ட முதல் கெடு ஐந்தாண்டுகள்தாம். இங்கே ஒரு சிக்கல் எழுந்தது. துடைப்பத்துக்கு ஐந்தாண்டு போதும். நடைபாதையைப் பெயர்த்துச் செப்பனிடுவதற்கும், ஆள் உயரத்துக்கு ஏற்ற தெரு விளக்குகளை நாட்டுவதற்கும், நூற்றுக்கணக்கில் மரம் வைப்பதற்கும் பெருந்தொகை வேண்டும். அந்தத் தொகையைக் கடன் பத்திரம் வெளியிட்டுத்தான் திரட்ட முடியும். ஐந்தாண்டில் மறைந்துவிடக்கூடிய ஓர் அமைப்பை நம்பி, இருபதாண்டுக் கடனை யார் கொடுப்பார்கள்?

எனவே கெடு முடிவதற்கு முன்னதாகவே, 1994ஆம் ஆண்டில், அவர்கள் உரிமையாளர்களிடம் மறுபடியும் சென்றார்கள். இம்முறை கேட்டது இருபதாண்டு அனுமதி. அங்குள்ள சட்டப்படி, உரிமையாளர்களில் மூன்றில் ஒரு பங்கினர் எழுத்து மூலம் மறுப்புத் தெரிவித்தால் திட்டம் நின்றுவிடும். அப்படி மறுப்பு எழவில்லை, புதுப்பித்தல் நிறைவேறியது. அதை ஆதாரமாகக் கொண்டு 2 கோடியே 10 லட்சம் வெள்ளிக்குக் கடன் பத்திரங்கள் வெளியிடப்பட்டன. நகராட்சியும் 50 லட்சம் வெள்ளி சேர்த்துக் கொடுத்தது. தெருக்கள் புது விளக்கும் மரமும் வழிகாட்டிப் பலகையும் பெற்றன. பிற்காலத்தில் நகர மண்டபத்தின் மேற்கு வாசலில் இருந்த பழைய திடலை இதே அமைப்புப் புதுக்கி அமைத்து, டில்வர்த் பூங்கா என்ற பெயரில் 2014ஆம் ஆண்டில் திறந்து வைத்தது. பூங்காவிலிருந்தே நிலத்தடி ரயிலுக்கு இறங்கலாம். டொராண்டோவில் ரயில் மக்களைத் தெருவிலிருந்து கீழே கொண்டு போயிற்று. பிலடெல்பியாவில் மக்களை மேலே வரவேற்கத் தெருவிலே பூங்கா அமைந்தது.

இதுவரை கேட்டவை வெற்றிக் கதைகள். ஆனால் வரலாறு கற்பவர் ஒரு பக்கத்தை மட்டும் படித்துவிட்டு நூலை மூடிவிடக் கூடாது. பிலடெல்பியாவில் மறுப்பவர்தாம் எழுதித் தெரிவிக்க வேண்டும். எழுதாதவர் இசைந்தவராகவே கருதப்படுவார். மௌனம் சம்மதம் என்ற நம் வழக்கை அந்தச் சட்டம் அப்படியே மேற்கொண்டது போலும்! மௌனம் எப்போதும் சம்மதமா? வெளியூரில் வாழும் உரிமையாளர் கடிதத்தைப் பிரிக்காமலே போட்டிருக்கலாம் அல்லவா?

கலிபோர்னியா மாநிலம் வேறு வழியில் சென்றது. அங்கே 1994ஆம் ஆண்டில் இதற்கெனத் தனிச் சட்டம் வந்தது. தொடங்க வேண்டுமானாலும் புதுப்பிக்க வேண்டுமானாலும், வசூலாகப் போகும் தொகையில் பாதிக்கு மேல் செலுத்தப் போகிற உரிமையாளர்கள் 'வேண்டும்' என்று கையொப்பமிட்டு மனுத் தர வேண்டும். பின்னர் எல்லாருக்கும் வாக்குச் சீட்டு அனுப்பப்படும். நகர மன்றம் பொதுக் கூட்டம் நடத்திக் குறை கேட்கும். வாக்கெடுப்பில் எதிர்ப்பு ஓங்கினால் வட்டாரம் இல்லை. முதல் முறை கொடுக்கும் கெடு ஐந்தாண்டுக்கு மேற்படாது. புதுப்பித்தால் பத்தாண்டு வரை தரலாம். இதில் மௌனத்துக்கு இடமில்லை, கையொப்பமே சம்மதம்.

ஆயினும் அந்தக் கையொப்பங்களும் வாக்குகளும் எப்படி எண்ணப்படுகின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். ஆளுக்கொரு வாக்கு அல்ல. கட்டும் வெள்ளிக்கு ஏற்ற வாக்கு. ஒரு கற்பனைத் தெருவைக் கொண்டு இதை விளக்குகிறேன். அந்தத் தெருவில் இருபது உரிமையாளர்கள் இருக்கிறார்கள். மொத்த வரி நூறு வெள்ளி. உயர்ந்த வங்கிக் கட்டடத்தின் சொந்தக்காரர் 30 வெள்ளி கட்டுகிறார். தங்குவிடுதிக்காரர் 15 வெள்ளி. அலுவலகக் கட்டடக்காரர் 10 வெள்ளி. மீதி 45 வெள்ளியைப் பதினேழு சிறு கடைக்காரர்கள் பகிர்ந்து கட்டுகிறார்கள். பதினேழு பேரும் 'வேண்டாம்' என்கிறார்கள். மூவர் மட்டும் 'வேண்டும்' என்கிறார்கள். வெள்ளிக் கணக்கில் 55க்கு 45, திட்டம் நிறைவேறிவிடும். தலைக் கணக்கில் 3க்கு 17, திட்டம் தோற்றுவிடும். எந்தக் கணக்கு நியாயம்?

அதிகம் கொடுப்பவருக்கு அதிக உரிமை வேண்டும் என்பவர்களிடம் ஒரு நியாயம் இருக்கிறது. தெரு முழுதும் ஒரு சிலர் பணத்தால் கூட்டப்படும்போது, அந்தச் சிலரின் சொல்லைத் தள்ளிவிட முடியாது. ஆனால் சிறு கடைக்காரரிடமும் நியாயம் இருக்கிறது. வங்கிக்கு 30 வெள்ளி கைச்செலவு. அவருக்கோ இரண்டரை வெள்ளிக்குச் சற்று மேற்பட்ட தொகையும் இலாபத்திலிருந்து அறுத்துக் கொடுக்கிற தசை.

இங்கிலாந்து இதற்கு ஒரு நடுவழி கண்டது. 2003ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட உள்ளாட்சிச் சட்டம் இரட்டைச் சோதனை வைத்தது. வாக்களித்தவர்களின் எண்ணிக்கையிலும் பெரும்பான்மை வேண்டும்; அவர்களுடைய சொத்துகளின் வரி மதிப்பிலும் பெரும்பான்மை வேண்டும். இரண்டில் ஒன்றில் தோற்றாலும் திட்டம் இல்லை. அங்கே வரி கட்டுபவர்கள் பெரும்பாலும் கட்டடத்தின் உரிமையாளர் அல்லர். கட்டடத்தில் வணிகம் நடத்துபவர்களே. தேம்ஸ் நதிக்கரையிலுள்ள கிங்ஸ்டன் நகரில் 2005ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் முதல் வட்டாரம் செயல்படலாயிற்று. ஐந்தாண்டுக்கு ஒருமுறை புது வாக்கெடுப்புக் கட்டாயம். நம் கற்பனைத் தெரு இங்கிலாந்தில் இருந்திருந்தால், மூன்று பெரியவர்களும் பதினேழு சிறியவர்களின் கடைப்படி ஏறி, அவர்களைக் கலந்து பேசித்தான் ஆக வேண்டும்.

கடைக்காரருக்குப் பிறகு, அங்கே குடியிருப்பவரின் பங்கு என்ன? நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தைச் சுற்றி இத்தகைய பெரிய வட்டாரம் ஒன்று உண்டு. அதன் நிர்வாகக் குழுவில் பெரும்பான்மை இடங்கள் சட்டப்படி சொத்து உரிமையாளர்களுக்கே. வணிக வாடகையாளர்களுக்குச் சில இடங்கள். குடியிருக்கும் வாடகையாளர்களுக்கோ ஒரே ஓர் இடம். ஜனநாயக நாட்டில் இது முறையா என்று அங்குக் குடியிருந்தோர் சிலர் வழக்குத் தொடுத்தார்கள். 1998ஆம் ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. இந்த அமைப்புக்குச் சட்டம் இயற்றும் அதிகாரம் இல்லை. அதன் வேலை குறுகியது. அதன் பாரம் பெரிதும் உரிமையாளர்மீதே விழுகிறது. ஆகவே 'ஒருவருக்கு ஒரு வாக்கு' என்ற விதி இதற்குப் பொருந்தாது என்று நீதிமன்றம் கருதியது. இதுவே சட்டத்தின் விடை. மனத்துக்கு அது முழு விடையாகுமா என்பதை நேயர்களின் சிந்தனைக்கு விடுகிறேன்.

அதே ஆண்டில் அதே அமைப்பைப் பற்றி இன்னொரு தீர்ப்பும் வந்தது. வீடற்ற ஏழைகளைப் பயிற்சி என்ற பெயரில் வேலைக்கு வைத்து, மணிக்கு ஒரு வெள்ளி, ஒன்றரை வெள்ளி என்று கூலி கொடுத்திருந்தார்கள். அக்காலத்தில் நாட்டின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 4 வெள்ளி 25 காசு. அவர்கள் செய்தது உண்மையான வேலையே. அதற்குச் சட்டப்படியான கூலி கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. தீர்ப்பளித்தவர் சோனியா சோட்டோமேயர். பின்னாளில், 2009ஆம் ஆண்டில், அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியாக உயர்ந்தவர் அவர். தெரு சுத்தமாக இருக்கிறது என்று நாம் மகிழும்போது, துடைப்பம் பிடித்த கை யாருடையது, அதற்கு என்ன கூலி என்பதையும் கேட்க வேண்டும் என்பதே அந்தத் தீர்ப்பு நமக்குத் தரும் படிப்பினை.

இன்னுமொரு கவலையும் உண்டு. வணிகர்களே தெருவைக் கூட்டுகிறார்கள் என்று நகராட்சி தன் துடைப்பத்தைச் சுருட்டி வைத்துவிட்டால் என்ன ஆகும்? ஒரே வேலைக்கு இரண்டு வரி கட்டியதாகிவிடும். அதனால்தான் கூட்டு வரியின் பணி அரசாங்கப் பணிக்கு மேலதிகமாக இருக்க வேண்டுமே தவிர, அதற்கு மாற்றாக இருக்கக் கூடாது என்று பல ஊர்களில் வரையறுத்துள்ளார்கள். கூட்டு வரி கொடுக்க வசதியில்லாத ஏழைத் தெருக்களின் கதி என்ன என்பதும் இதனுடன் சேர்ந்த கேள்வி. பணக்காரத் தெரு இரண்டு துடைப்பத்தாலும், ஏழைத் தெரு ஒரு துடைப்பத்தாலும் கூட்டப்பட்டால், ஒரே நகரம் இரண்டு நகரமாகிவிடும்.

நம் பக்கத்திலும் இந்த எண்ணம் வந்து சேர்ந்திருக்கிறது. சிங்கப்பூரில் 2017ஆம் ஆண்டில் நகர மறுசீரமைப்பு ஆணையம் வணிக மேம்பாட்டு வட்டாரங்களுக்கான சோதனைத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. வட்டாரத்தினர் திரட்டும் தொகைக்கு ஈடாக, வெள்ளிக்கு வெள்ளி அரசாங்கமும் ஒரு வரம்புவரை உதவும் ஏற்பாடு அது. சிங்கப்பூர் ஆற்றங்கரை, கம்போங் கிளாம் போன்ற பகுதிகள் இதில் இடம்பெற்றன. இருநூறு ஆண்டுகளுக்கு முன் அஞ்சடிப் பாதையை ஆணையால் கொடுக்க வைத்த அதே ஊரில், இன்று தெருவின் நலத்துக்காக உரிமையாளர்களைக் கூடிப் பேச வைக்கிறார்கள்.

நேயர்களே, இந்த வரலாற்றைத் தொகுத்துப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். விருப்பச் சந்தா தெருவைக் காப்பாற்றவில்லை. ஆகவே கட்டாயம் தேவைப்பட்டது. கட்டாயம் என்று வந்த பிறகு, அதற்கு ஒரு கடிவாளம் தேவைப்பட்டது. அந்தக் கடிவாளமே காலக்கெடுவும் புதுப்பித்தலும். ஐந்தாண்டு முடிந்ததும் நிர்வாகிகள் கணக்குப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கடைகடையாக ஏறி இறங்க வேண்டும். "எங்கள் தெருக்கோடியில் விளக்கு எரியவில்லையே, ஏன்?" என்று கடைசிக் கடைக்காரர் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். எல்லை சரியா, வரி விகிதம் சரியா, சென்ற முறை சொன்னதைச் செய்தீர்களா என்பவை எல்லாம் அப்போது அலசப்படும். கெடுவே இல்லாத அமைப்பில் இந்தக் கேள்விகளுக்கு நாள் குறிக்கப்படுவதில்லை. கெடு மிகக் குறுகியதாக இருந்தாலோ, பிலடெல்பியாவில் கண்டதுபோல, மரம் நடவும் கடன் கிடைக்காது. இந்த இரண்டுக்கும் நடுவே அளவறிந்து நிற்பதில்தான் நிர்வாகத் திறமை இருக்கிறது.

தேர்த் திருவிழாவை நாம் அறிவோம். ஒரே ஆண்டு இழுத்துவிட்டால் தேர் அடுத்த ஆண்டும் தானே நகர்ந்துவிடாது. ஒவ்வோர் ஆண்டும் அச்சைப் பார்க்க வேண்டும். வடத்தைப் புதுப்பிக்க வேண்டும். ஊரை மறுபடியும் கூட்ட வேண்டும். வடத்தின் முன்பக்கத்தைப் பெரியவர்கள் பிடிக்கலாம். ஆனால் பின்வரிசையில் தோள் கொடுக்கும் எளியவனையும் கேட்டு இழுக்கிற தேரே பத்திரமாக நிலைக்கு வந்து சேரும். அடுத்த முறை அஞ்சடியில் நடக்கும்போது, சுத்தமான தரையையும் எரியும் விளக்கையும் கண்டால், இதற்குக் கொடுப்பவர் யார், முடிவு செய்பவர் யார், கூட்டுபவர் யார் என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள்.